களனிக் கலாசாலையும் அதன் வாயில்களும்

கொட்டாஞ்சேனையிலிருந்து வடக்கு நோக்கிச் சென்று களனி கங்கைப் பாலத்தைக் கடப்பவர் முதலில் அடையும் ஊர் பேலியகொடை. கண்டிக்கும் நீர்கொழும்புக்கும் செல்லும் பெருவழிகள் பிரியும் இடமாகையால், அவ்வூரைப் பேருந்தின் சாளரத்தூடாகப் பார்த்திராத கொழும்புத் தமிழர் அரியர். ஆயினும் அவ்வூரில் 1875 ஆம் ஆண்டிலே தோன்றிய வித்தியாலங்காரப் பிரிவெனாவைப் பற்றி நம்மவர் அறிந்துள்ளது மிகச் சிறிதே. பிரிவெனா என்பது பௌத்த பிக்குகள் கல்வி பயிலும் கலாசாலை. இரத்மலானை தர்மாலோக தேரர் நிறுவிய அச்சிறு கலாசாலையின் வழியிலே 1959 இல் வித்தியாலங்காரப் பல்கலைக்கழகம் எழுந்தது. 1972 இல் அது இலங்கைப் பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகமாயிற்று. 1978 இல் களனிப் பல்கலைக்கழகம் என்னும் பெயரைப் பெற்றது. இம்மாற்றங்கள் ஒவ்வொன்றின் பின்னும் ஓர் அரசியல் உண்டு. அவ்வரசியலின் பின்னே, இந்தக் கலாசாலை யாருடையது என்னும் கேள்வியும் உண்டு.

தனிமனிதன் கற்பது போலவே நிறுவனங்களும் கற்கின்றன. ஒரு கலாசாலையோ, வைத்தியசாலையோ, அரசாங்கக் கந்தோரோ புதியதொன்றை ஏற்றுக்கொள்வதும் தள்ளிவிடுவதும் அப்புதுமையின் தகுதியை மட்டும் பார்த்து நிகழ்வன அல்ல. அதைக் கொண்டுவந்தவர் யார், எந்த மொழியிலே கொண்டுவந்தார், நம்மவரா, பிறரா என்ற கேள்விகள் முந்திக்கொள்கின்றன. இவை வெறும் குறுகிய மனப்பான்மை என்று ஒதுக்கிவிடக் கூடியனவுமல்ல. ஓர் இனத்தின் தன்னுணர்வே ஒரு நிறுவனத்தைப் பிறப்பித்து, அதற்கு ஊக்கமளித்து, எவரும் செய்யாத முயற்சிகளில் அதனை ஈடுபடுத்தவும் கூடும். அதே உணர்வு பின்னொரு காலத்தில் அந்நிறுவனத்தின் கண்ணை மறைப்பதும் உண்டு. களனிக் கலாசாலையின் வரலாற்றில் இவ்விரண்டையும் காணலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரசாங்க உத்தியோகத்துக்கு வழி ஆங்கிலக் கல்வி. ஆங்கிலக் கல்விக்கு வழி பெரும்பாலும் மிஷன் பாடசாலை. இந்நிலையிலே பௌத்தர் தம் கல்வி மரபைக் காத்துக்கொள்ள எடுத்த முயற்சியின் பயனாக 1873 இல் கொழும்பு மாளிகாகந்தையில் வித்தியோதயப் பிரிவெனாவும், இரண்டாண்டுகள் கழித்து வித்தியாலங்காரமும் தோன்றின. இவை பழைமையைப் பேணுதற்கென எழுந்தவை. ஆனால் பழைமையைப் பேணப் புகுந்தவர்கள் செய்த காரியங்களோ புதுமை மிக்கவை.

வித்தியாலங்காரத்தில் தர்மாலோக தேரரின் பின்வந்த இரத்மலானை தர்மாராம தேரர் செய்த ஒரு பணியைத் தமிழ் மக்கள் அவசியம் அறிந்திருத்தல் வேண்டும். குமாரதாசர் என்னும் கவிஞர் வடமொழியிலே இயற்றிய ஜானகீஹரணம் என்னும் காவியம் இராமகாதையைக் கூறுவது. அதன் மூலச்சுவடி எங்கும் கிடைக்காதிருந்த காலம் அது. சிங்களத்திலே அதற்குப் பதத்துக்குப் பதம் உரைகூறும் பழைய சன்னை ஒன்று மட்டும் எஞ்சியிருந்தது. சன்னைகாரர் ஒவ்வொரு வடசொல்லையும் எடுத்துக்கொண்டு அதற்குச் சிங்களப் பொருள் உரைத்துச் சென்றிருந்தார். சொற்கள் உண்டு, செய்யுள் இல்லை. சிதறிய மணிகளைப் போலக் கிடந்த அச்சொற்களைத் தர்மாராம தேரர் பொறுக்கியெடுத்து, யாப்பிலக்கணத்தையும் வடமொழி இலக்கணத்தையும் துணையாகக் கொண்டு, பதினான்கு சருக்கங்களுக்கு மேற்பட்ட காவியத்தை மீள அமைத்து 1891 இல் பேலியகொடையிலே பதிப்பித்தார். பின்னாளிலே தென்னிந்தியாவில் மூலச்சுவடிகள் கண்டெடுக்கப்பட்டன. அவற்றின் துணையுடன் பரணவிதானவும் கொடகும்புரவும் 1967 இல் முழுமையான பதிப்பொன்றை வெளியிட்டனர்.

இராமனின் கதையைப் பௌத்த பிக்கு ஒருவர் ஏன் மீட்டெடுக்க வேண்டும்? குமாரதாசர் இலங்கை மன்னர் என்று சிங்கள மரபு கூறுகின்றது. அக்காவியம் தம் நாட்டின் பெருமை என்ற உணர்வே தேரரின் உழைப்புக்குத் தூண்டுகோல். இன உணர்வு அங்கே அவரைக் கிணற்றுக்குள் இறக்கிவிடவில்லை. பாரத தேசம் முழுவதற்கும் பொதுவான ஓர் இலக்கியப் பரப்புக்கு இட்டுச் சென்றது. இச்செயலிலே நுட்பமான கல்வி முறையும் அடங்கியுள்ளது. மொழிபெயர்ப்பினின்றும் மூலத்தைத் திரும்பப் பெறுவது, இரு மொழிகளிலும் ஒருங்கே வேரூன்றியவர்க்கே கைகூடும்.

இக்கலாசாலையின் புகழ் கங்கைக் கரையோடு நிற்கவில்லை. 1927 இல் வட இந்தியாவிலிருந்து ஒரு சாது அங்கே வந்து சேர்ந்தார். வைணவ மடத்திலே இருந்து, பின் ஆரிய சமாஜத்தைச் சார்ந்து, அதன்பின் புத்தரின் போதனையை நாடியவர். பின்னாளில் ராகுல் சாங்கிருத்யாயன் எனப் பெயர் பெற்ற பேரறிஞர் அவரே. ஏறத்தாழப் பத்தொன்பது மாதங்கள் வித்தியாலங்காரத்தில் வாழ்ந்த அவர், பிக்குகளுக்கு வடமொழி கற்பித்தார்; அவர்களிடமிருந்து பாளியையும் திரிபிடகத்தையும் கற்றார். அவர் பௌத்தராக அங்கு வரவில்லை; சிங்களவரும் அல்லர். ஆசிரியராக அமர்ந்திருந்த மண்டபத்திலேயே அவர் மாணவராகவும் அமர்ந்தார். அங்கிருந்து திபெத்துக்குச் சென்று, மீண்டு வந்து, 1930 இல் வித்தியாலங்காரத்திலே துறவு பூண்டார். இந்தியாவிலே அழிந்துபோனவை என்று கருதப்பட்ட வடமொழிப் பௌத்த நூல்கள் பலவற்றைத் திபெத்திய மடங்களிலே அவர் கண்டறிந்தமை அறிஞர் உலகம் அறிந்த செய்தி. ஆனந்த கௌசல்யாயனரும், பின்னர் நாகார்ஜுன் என்னும் பெயரில் இந்திக் கவிஞராகப் புகழ்பெற்றவரும் இதே பிரிவெனாவிலே துறவு பூண்டவர்களே. வந்தவர்கள் வேறு நாட்டார், வேறு மொழியினர், பலர் வேறு சமய மரபினர். அவர்களிடம் கற்பது தன் மதிப்புக்குக் குறைவு என்று அக்கலாசாலை அந்நாளிலே எண்ணவில்லை.

அங்கிருந்து இந்தியாவுக்குச் சென்று கற்ற இளம் பிக்குகள் சிலர் இலக்கணத்தோடு அரசியலையும் கற்று மீண்டனர். சுதந்திரப் போராட்டமும் பொதுவுடைமைக் கருத்தும் அவர்களைத் தொட்டிருந்தன. 1940 களிலே கன்னங்கரா அவர்கள் இலவசக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தபோது, வசதி படைத்தோர் பலர் அதனை எதிர்க்க, ஊரூராகச் சென்று அதற்கு ஆதரவு திரட்டியவர்களுள் வித்தியாலங்காரப் பிக்குகளும் இருந்தனர். பிக்குகளுக்கு அரசியலில் என்ன வேலை என்று கேட்டவர்களுக்கு 1946 பெப்ரவரி 13 ஆந் திகதி அப்பிரிவெனா ஓர் அறிக்கை வாயிலாக விடை கூறிற்று. மக்களின் நலனுக்குரிய பணிகளில் ஈடுபடுவது பிக்குவின் துறவுக்கு முரணன்று என்பது அதன் சாரம். அதே ஆண்டில் வல்பொல ராகுல தேரர் பிக்குவின் மரபுரிமையைப் பற்றி எழுதிய நூல் பெரும் விவாதத்தைக் கிளப்பிற்று. 1947 சனவரியிலே பிக்குகள் களனி விகாரையில் கூடி நாட்டின் சுதந்திரத்தைப் பிரகடனம் செய்தனர்.

இலவசக் கல்வியின் பயன் சிங்களக் கிராமத்தோடு நின்றுவிடவில்லை என்பதை இங்கே நினைவுகூர்தல் தகும். 1945 இன் பின் வடக்கிலும் கிழக்கிலும் ஏழைப் பெற்றோரின் பிள்ளைகள் மத்திய கல்லூரிகளின் படியேறியதற்கும், பேலியகொடைப் பிக்குகள் மேடைகளிலே நின்று பேசியதற்கும் தொடர்பு உண்டு. அத்தொடர்பைச் சொல்ல நம்மவர் கூச்சப்பட வேண்டியதில்லை.

இனி, கதையின் கடினமான பகுதிக்கு வருவோம். 1942 இல் நிறுவப்பட்ட இலங்கைப் பல்கலைக்கழகம் ஆங்கிலத்திலே போதித்தது. சிங்களத்திலோ தமிழிலோ மட்டும் கற்ற மாணவனுக்கு, அவன் எத்துணை அறிவாளியாயினும், அதன் வாயில் திறக்கவில்லை. அவ்வாயிலைத் தட்டியவர்களின் கோபம் நியாயமானதே. 1956 இல் தேர்தல் வந்தது. சிங்களம் மட்டுமே அரசகரும மொழி என்ற சட்டமும் வந்தது. 1958 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டத்தால் இரு பிரிவெனாக்களும் பல்கலைக்கழகங்களாக உயர்த்தப்பட்டன. வித்தியாலங்காரத்தின் முதல் துணைவேந்தராகக் கிரிவத்துடுவே பிரஞ்ஞாசார தேரர் அமர்ந்தார்.

தாய்மொழியிலே உயர்கல்வி என்பது சொல்வதற்கு எளிது. பொருளியலுக்கும் விஞ்ஞானத்துக்கும் சொற்கள் வேண்டும், நூல்கள் வேண்டும், அவற்றை எழுதுவோர் வேண்டும். ஐதராபாத்திலே நிஜாம் அரசு 1918 இல் உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தை உருது மொழியிலே தொடங்கியபோது, அதற்கு முன்பே மொழிபெயர்ப்பகம் ஒன்றை அமைத்து, மருத்துவமும் பொறியியலும் உட்பட நூற்றுக்கணக்கான நூல்களைப் பெயர்ப்பித்தது. 1948 இல் நிஜாமின் ஆட்சி முடிவுற்றபின் அங்கே உருதுவின் இடத்தை ஆங்கிலம் பெற்றது. அரசின் அடையாளத்தோடு பிறந்த புதுமை, அவ்வரசு வீழ்ந்ததும் ஆதரவற்றுப் போயிற்று. இலங்கையிலும் இத்தகைய பெருமுயற்சி நடைபெற்றது. அரசகரும மொழித் திணைக்களம் சிங்களத்திலும் தமிழிலும் சொற்றொகுதிகளை வெளியிட்டது. இரசாயனவியல், பௌதிகவியல், நுண்கணிதம் என்று நம் பிள்ளைகள் நாவிலே இன்று சரளமாகப் புரளும் சொற்கள் பரவிய காலம் அது. தமிழை அரசகரும மொழியாக ஏற்க மறுத்த அதே அரசாங்கத்தின் அச்சகத்திலிருந்துதான் தமிழிலே விஞ்ஞானம் கற்பதற்கான நூல்களும் வந்தன. வரலாறு நேர்கோட்டிலே செல்வதில்லை.

கிராமத்துப் பிள்ளைகள் பல்கலைக்கழகம் புகுந்தது பெரிய வெற்றி. ஆனால் எந்த உணர்வு மூடிய வாயிலைத் திறந்ததோ அதுவே மெல்ல மெல்லக் காவலாளியாகவும் மாறத் தொடங்கிற்று. சிங்களப் பண்பாட்டையும் பௌத்தத்தையும் வளர்ப்பதே புதிய பல்கலைக்கழகத்தின் தலையாய நோக்கம் என்று ஆனபோது, அதனுள்ளே எழக்கூடிய கேள்விகளின் எல்லையும் சுருங்கிற்று. ஒரு தலைமுறைக்கு முன் வட இந்தியச் சாது ஒருவரை ஆசிரியராகவும் மாணவராகவும் ஏற்ற இடத்தின் சூழலிலே, சிங்களம் மட்டும் என்ற முழக்கம் ஓங்கி ஒலித்தது. தமிழ் மொழியை அண்டை வீட்டு மொழியாகக் கண்டு கற்கும் வாய்ப்பு மிக நெருங்கி இருந்தது; அதனைப் பற்றிக்கொள்ளும் மனநிலை நாட்டிலே இருக்கவில்லை. இழப்பு தமிழருக்கு மட்டும் என்று எண்ணுவது பிழை. அடுத்த வீட்டாரின் மொழியை அறியாத பட்டதாரி, இத்தீவின் பாதி ஊர்களிலே ஊமையாகவே நடமாட வேண்டியிருந்தது.

மற்றோர் இழப்பும் உண்டு. கலைப் பாடங்களிலே பட்டம் பெற்றோர் ஆண்டுதோறும் பெருகினர். அவர்களுக்கேற்ற தொழில் பெருகவில்லை. தனியார் வணிகத்துறையோ இன்னும் ஆங்கிலத்திலேயே பேசிற்று. மொழி கொடுத்த வாக்குறுதியைப் பொருளாதாரம் நிறைவேற்றாதபோது இளைஞரின் ஏமாற்றம் கொதிப்பாயிற்று. 1971 ஏப்ரலில் மூண்ட கிளர்ச்சிக்குப் பின் வித்தியாலங்கார, வித்தியோதய வளவுகள் கைதான இளைஞர்களைத் தடுத்துவைக்கும் முகாம்களாயின. கற்பதற்காக எழுந்த மண்டபங்களிலே, கற்ற இளைஞரே சிறைவைக்கப்பட்டனர். அதன்பின்னரே பாடத்திட்டத்தைப் பற்றிய கேள்வி வலுவாக எழுந்தது. தொழிலோடு தொடர்புடைய பாடங்கள் புகுத்தப்பட்டன. வானொலிக்கும் பத்திரிகைக்கும் பயன்படும் வெகுசனத் தொடர்பியல் 1973 இல் களனியிலே தனித்துறையாயிற்று. துன்பத்தின் வாயிலாகவே கற்பது நிறுவனங்களுக்கும் இயல்புபோலும்.

களனியைப் பற்றி இவ்வளவு கூறியபின் நம் வீட்டைப் பாராதிருப்பது முறையன்று. மானிப்பாயிலே 1847 முதல் பணியாற்றிய அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், ஆங்கிலத்திலே மருத்துவம் பயின்ற தம் மாணவர்கள் அரசாங்க உத்தியோகத்தை நாடி ஊரை விட்டுச் செல்வதைக் கண்டார். 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். உடற்கூற்று நூல்களைத் தமிழிலே ஆக்கினார். தமிழிலே மேனாட்டு மருத்துவம் முடியும் என்று காட்டியவர் பிறநாட்டார் ஒருவர். 1873 இல் அவர் தாயகம் திரும்பிய பின்னர் அம்முயற்சி தளர்ந்தது. தமிழின் பெருமையை மேடைகளிலே முழங்கிய நம்மவர், அவர் விட்ட இடத்திலிருந்து அதனைத் தொடர்வதற்கு ஒரு நிறுவனத்தைக் கட்டி எழுப்பவில்லை.

ஆறுமுக நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையிலே தொடங்கிய சைவப்பிரகாச வித்தியாசாலையும் வித்தியாலங்காரத்தைப் போன்றே தன்னுணர்வின் குழந்தை. மிஷனரிமாரின் அச்சியந்திரத்தையும் வகுப்பு முறையையும் பிரசங்கத்தையும் கற்று, அவற்றையே சைவத்தைக் காக்கும் கருவிகளாக்கிய நாவலரின் கூர்மை வியக்கத்தக்கது. எனினும் அந்நாளைய சைவப் பாடசாலைகளின் வாயில் எல்லாச் சாதியாருக்கும் திறந்திருக்கவில்லை. 1929 இல் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக ஆசனத்தில் அமர வேண்டும் என்று உத்தரவானபோது யாழ்ப்பாணத்திலே எழுந்த எதிர்ப்பும், அதையடுத்துப் பாடசாலைகள் சில தீக்கிரையானதும் மறக்கக்கூடியவையல்ல. சமபந்திக்கும் சம ஆசனத்துக்கும் குரல்கொடுத்த யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ், வடபகுதிப் பாடசாலைகளிலே சிங்களமும் கற்பிக்கப்பட வேண்டும் என்று வற்புறுத்திய இயக்கமுமாகும். உள்ளேயிருந்த வாயிலைத் திறக்க முனைந்தவர்களே வெளிவாயிலையும் திறக்க விரும்பினர் என்பது கவனிக்கத்தக்கது.

தமிழருக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்ற கோரிக்கையும் அடையாளச் சுழலிலே அகப்பட்டது. திருகோணமலையிலே தமிழ்ப் பல்கலைக்கழகம் என்றனர் ஒருசாரார். யாழ்ப்பாணத்திலே இந்துப் பல்கலைக்கழகம் என்றனர் மற்றொருசாரார். எங்கே, எப்பெயரில் என்ற வழக்கிலே ஆண்டுகள் கழிந்தன. அரசின் பாராமுகம் பெரிய காரணம். நம்முள்ளே இருந்த பிணக்கும் ஒரு காரணம். பேலியகொடையிலே பல்கலைக்கழகம் எழுந்து பதினைந்து ஆண்டுகள் கடந்த பின், 1974 ஒக்டோபரிலே, பரமேஸ்வராக் கல்லூரி வளவில் யாழ்ப்பாண வளாகம் தொடங்கிற்று. பேராசிரியர் கைலாசபதி அதன் முதல் தலைவரானார். அது தொடங்கிய காலம், பல்கலைக்கழக அனுமதியில் புகுத்தப்பட்ட தரப்படுத்தலால் தமிழ் மாணவர் மனங்கசந்திருந்த காலமுமாகும். அதன் விளைவுகளை நாடு அறியும்.

களனிக்கே மீண்டும் வருவோம். றாகமையிலே 1980 களின் தொடக்கத்தில் தனியார் மருத்துவக் கல்லூரி ஒன்று எழுந்தது. பணத்தால் மருத்துவக் கல்வியை வாங்குவதா என்று மாணவர் கொதித்தெழ, 1989 இல் அரசு அதனைப் பொறுப்பேற்றது. 1991 இல் அது களனிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடமாக உருப்பெற்றது. அரசியற் போராட்டம் ஒன்று ஒரு கல்லூரியை மூட, அதிலிருந்தே இன்னொன்று பிறந்தது. அங்கே போதனை ஆங்கிலத்தில். சிங்கள, தமிழ், முஸ்லிம் மாணவர் ஒரே வாங்கிலே அமர்ந்து, எவருடைய தாய்மொழியும் அல்லாத மொழியிலே கற்கின்றனர். நோயாளியிடம் மட்டும் அவரவர் மொழியிலே பேச வேண்டியிருக்கின்றது. வயிற்றுவலியைத் தமிழிலே சொல்லும் கிழவிக்கு முன்னே நிற்கும் சிங்கள இளைஞனும், சிங்களத்திலே சொல்லும் முதியவருக்கு முன்னே நிற்கும் தமிழ் நங்கையும், பாடத்திட்டம் கட்டாயப்படுத்தாத பாடமொன்றைக் கற்றாக வேண்டியவர்கள்.

பிரிவெனாக் கல்வியிலே தமிழுக்கும் இடம் வேண்டும் என்று எவரேனும் கூறினால், அதனைப் புதுமை என்று வியப்பாரும் உண்டு, வெறுப்பாரும் உண்டு. பதினைந்தாம் நூற்றாண்டிலே எழுந்த கிரா சந்தேசம் என்னும் சிங்களக் கிளிவிடுதூது, தென்கரையிலே தொட்டகமுவையில் இருந்த விஜயபாகு பிரிவெனாவை வருணிக்கின்றது. அங்கே மாணவர்கள் பாளியும் வடமொழியும் சிங்களமும் ஓதினர்; அவற்றோடு தமிழ்க் கவிதையும் ஓதினர். அப்பிரிவெனாவின் தலைவரான ஸ்ரீ ராகுல தேரர் ஆறு மொழிகளில் வல்லவர் என்று போற்றப்பட்டவர். அவ்வாறனுள் தமிழும் ஒன்று என்பது வழிவழி வந்த செய்தி. கோட்டை மன்னன் ஆறாம் பராக்கிரமபாகுவின் வளர்ப்பு மகன் சப்புமல் குமாரன் படையெடுத்துச் சென்று யாழ்ப்பாண அரசை வென்றதும் அதே மன்னனின் ஆட்சிக் காலத்திலேயே.